என் போனில் இருந்த விலாசம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். சங்கராபுரத்தில் என் தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். நேற்றுத் துணி கொடுத்துவிட்டு இன்றைக்கே ஜாக்கெட் கேட்டு வந்து நிற்பவளிடம் நான் பேசும் பேச்சைக் கேட்க, பக்கத்து டீக்கடைக்காரர் டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். இப்போதெல்லாம் என்னை அதிகம் கொதிக்க வைப்பது துணியும் இல்லை, கூலியும் இல்லை. ஒரே ஒரு பேச்சுதான்.

போன வாரம் ஒருத்தி அளவு கொடுக்க வந்தாள். காத்திருந்த நேரத்தில் போனை நோண்டிக்கொண்டு இருந்தாள். முகத்தை வெள்ளையாக்கிக் காட்டும் ஏதோ ஒரு ஆப். அது கேட்ட கேள்விக்கெல்லாம் கட்டைவிரலால் ஆமாம் ஆமாம் என்று தட்டிக்கொண்டே போனாள். போட்டோ பார்க்கட்டுமா, ஆமாம். பேச்சைக் கேட்கட்டுமா, ஆமாம். கான்டாக்ட் எடுத்துக்கொள்ளட்டுமா, அதற்கும் ஆமாம்.

“அது இன்னா கேக்குதுன்னு படிச்சியா?” என்றேன்.

“எடுத்துக்கட்டும்க்கா. எங்கிட்ட இன்னா இருக்குது, எடுத்துக்கினு போறதுக்கு?” என்று சிரித்தாள்.

“உங்கிட்ட ஒண்ணும் இல்ல. என் நம்பர் இருக்குதில்ல? உன் தங்கச்சி நம்பர் இருக்குதில்ல? அவங்களக் கேட்டியா?”

கத்தரிக்கோலை மேஜைமேல் அடித்தேன் போலிருக்கிறது. அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள். ஒரு கிராக்கி போனது போனதுதான். பைத்தியமாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ‘எங்கிட்ட இன்னா இருக்குது’ என்று நானும் ஒரு நாள் சொன்னவள்தான். அன்றைக்கு என் கடை மாடியில் ஒருத்தி தன் பிள்ளையோடு ஒளிந்திருந்தாள்.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கல்வராயன் மலைக்காரி. பன்னிரண்டாவது முடித்து, கல்யாணமாகிக் கீழே இறங்கியவள். மலையில் எங்கள் ஊர்களில் பிள்ளைக்குப் பெயர் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ஆண் பிறந்தால் குலசாமி பெயர், பெண் பிறந்தால் அம்மன் பெயர், தீர்ந்தது. சாமை அறுக்கிற நிலத்தில் நின்று அந்த அம்மன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆகவே எங்களுக்குப் பெயர் மட்டும் போதாது. எந்த ஊர், யார் மகள், எந்த மரத்தடி வீடு, எத்தனையாவது மருமகள், இப்போது எங்கே இருக்கிறாள் என்று எல்லாம் சேர்த்துச் சொன்னால்தான் அது ஓர் ஆள்.

செல்போன் வந்தபோது இந்தப் பழக்கம் அப்படியே போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என் மாமன் போனில் ‘பலாமரத்து வீட்டு மூத்தவன் டிராக்டர்’ என்று ஒருவர் இருக்கிறார். என் அண்ணி போனில் ‘ஓடை தாண்டி ரெண்டாவது வீடு மாடு வாங்கினவங்க’ என்று ஒரு நம்பர். என் போனில் அந்த ஒரே அம்மன் பெயரில் பதினோரு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியையும் நான் குழப்பிக்கொண்டதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

தொழில் ஆரம்பித்த பிறகு அதோடு இன்னொன்றையும் சேர்த்தேன். அளவு நோட்டைத் தேடிக்கொண்டு இருக்கச் சோம்பல். அதனால் பெயருக்குப் பக்கத்திலேயே அளவையும் போட்டுவிடுவேன். இன்னார், இன்ன தெரு, மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு, கை பத்து. அவர்கள் போன் செய்து “அதே அளவுல இன்னொண்ணு தைச்சிடுங்க” என்று சொல்லும்போதே அளவு கண்முன்னால் வந்து நிற்கும். இந்த ஊரில் எந்த டெய்லருக்கு இந்த மூளை வந்தது என்று நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

மாடியில் ஒளிந்திருந்ததாகச் சொன்னேனே, அவள் ஓர் ஆடி மாதம் வந்தாள். எனக்குத் தூரத்துச் சொந்தம், பங்காளி வழியில் தங்கச்சி முறை. முப்பது வயது தாண்டியிருக்கும். முதல் பஸ்ஸில் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். வலது மணிக்கட்டில் துணி சுற்றி இருந்தது. ஆறு வயது மகள் அவள் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பிள்ளையிடம் நான் ஏதோ கேட்டேன், அது பதில் சொல்லவில்லை. “இந்தப் பக்கத்துக் காதுல பேசுக்கா, அந்தக் காது பத்து நாளா சரியாக் கேக்கல” என்றாள் அவள்.

மேற்கொண்டு நான் எதையும் கேட்கவில்லை. அவள் புருஷனை எனக்குக் கல்யாணத்தன்றே பிடிக்காது. மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றுகிறவன். கையில் நாலு காசு புரண்டால் நாலு பேரிடம் சிரிப்பான், வீட்டுக்குள் போனதும் வேறு ஆள். உலக்கையால் அவள் மணிக்கட்டில் அடித்திருக்கிறான், குறுக்கே வந்த பிள்ளையைக் காதோடு சேர்த்து அறைந்திருக்கிறான். அவன் கையில் கட்டை முளைக்க வேண்டும் என்று அன்றைக்கு வாய்விட்டுச் சபித்தேன். இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தைக்கூட நான் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

கடைக்கு மேலே ஒரு ரூம் இருந்தது. துணி மூட்டையெல்லாம் கீழே இறக்கிவிட்டு அதை அவளுக்குக் கொடுத்தேன். மணிக்கட்டு ஆறியதும் கீழே வந்து ஓரம் அடித்தாள், கொக்கி கட்டினாள். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தோம். பழைய சிம்மை ஒடித்துப் போட்டுவிட்டுப் புது சிம் வாங்கினாள். அந்த நம்பர் மூன்றே பேரிடம் இருந்தது. மலையில் இருக்கும் அவள் அம்மா, பிள்ளையின் டீச்சர், நான்.

அவள் அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மகள் நம்பரை எந்தப் பெயரிலும் அது போட்டு வைக்கவில்லை. கடைசி இரண்டு எண்களின் உருவத்தைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டு, அது வந்தால் எடுக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. பிற்பாடு பார்த்தால் எங்கள் எல்லோரிலும் சரியாக இருந்தது அந்த அம்மா ஒன்றுதான்.

பன்னிரண்டாவது படித்த நான் என்ன செய்தேன்? என் போனில் ஏற்கெனவே பதினோரு பேர் அதே பெயரில். இவள் பன்னிரண்டாவது. பழக்கதோஷம், விரல் தானாகத் தட்டியது. அவள் பெயர், அவள் ஊர், இன்னார் மகள், நம்ம கடை மாடி, பஸ் ஸ்டாண்டு பின்னாடி. ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

தீபாவளி வேலை முடிந்த பிறகு எனக்கு ஒரு தொல்லை ஆரம்பித்தது. தெரியாத நம்பரிலிருந்து ஒருவன் போன் செய்வான். எடுத்தால் பேச மாட்டான். மூச்சு மட்டும் கேட்கும். மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து வரும். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவன் யார் என்று தெரிந்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்துக் கேட்டிருப்பேன். துணி வாங்க வந்த ஒருத்தி, “இதுக்குப் போயி ஏன்க்கா டென்சன் ஆவுற? யாரு கூப்பிடறாங்கன்னு பேரோட காட்டுற ஆப் ஒண்ணு இருக்குது, இலவசம்தான்” என்று சொல்லி, அதைப் போட்டும் கொடுத்தாள்.

ஆப் திறந்ததும் வரவேற்பு பலமாக இருந்தது. உங்கள் பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம் என்றது. அடுத்து, கான்டாக்ட் பார்க்க அனுமதிக்கிறீர்களா என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள். மாடியில் இருந்து இறங்கி வந்த அவள், என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு இருந்தாள்.

“இன்னாத்துக்குக்கா அது நம்பரெல்லாம் கேக்குது?” என்றாள்.

“கேட்டா கேட்டுக்கினு போவட்டும். எங்கிட்ட இன்னா இருக்குது?” என்று சொல்லி அழுத்தினேன்.

மூச்சு விடுகிறவன் யார் என்று அந்த ஆப் உடனே காட்டிவிட்டது. கள்ளக்குறிச்சியில் ஏதோ ஒரு கடையில் வேலை பார்க்கிறவன். நான் போட்ட சத்தத்தில் அதோடு அடங்கிப்போனான். எனக்கு அன்றைக்கு என்ன திருப்தி! அவன் பெயர் அந்த ஆப்புக்கு எப்படித் தெரிந்தது என்று நான் ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். அவனைத் தெரிந்த எவனோ ஒருவன் என்னைப் போலவே அந்தப் பொத்தானை அழுத்தி இருக்கிறான் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எனக்குப் புரியவில்லை. அடுத்தவன் சட்டைப்பைக்குள் கை விட்டு எடுத்துக் கொடுத்தபோது எனக்கு இனித்தது.

தை மாதம் வேறொரு பள்ளி டீச்சர் ஒருவர் கடைக்கு வந்தார். பல வருஷ வாடிக்கை. அன்றைக்கு முகம் சிவந்திருந்தது. கடையில் வேறு ஆள் இல்லாததைப் பார்த்துக்கொண்டு, கதவை லேசாகச் சாத்திவிட்டுப் பேசினார்.

“எங்கூட வேலை செய்ற சாருக்குப் புது போன், யாரு கூப்பிடறாங்கன்னு பேரு காட்டுற ஆப் அதுல இருக்குது. நான் அவருக்குப் போன் பண்ணா, என் பேருக்குப் பக்கத்துல என் மார்பளவு வருதுங்க. ஸ்டாப் ரூம்ல அத்தனை பேர் முன்னால வருது. இந்த அளவு உங்கள விட்டா யாருக்குங்க தெரியும்?”

நியாயமாக அந்த இடத்தில் எனக்குப் பூமி பிளந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சண்டைக்குப் போனேன். “அந்த சார் உங்க அளவ எங்க பாத்தாரோ, என்னை வந்து கேக்கறீங்க” என்று சொன்னேன். சொன்ன வாயை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. டீச்சர் கையை நீட்டினார். பாதி தைத்திருந்த துணியை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு மனசு உறுத்தியது. என் போனை எடுத்து, அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த அளவை அழித்தேன். மற்றவர்களுடைய அளவுகளையும் அடுத்த இரண்டு மூன்று நாளில் அழித்தேன். என் போனில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிந்துவிடும் என்று நினைத்தேன். நோட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் முடிந்தது, அதுபோலத்தான் இதுவும் என்பது என் அறிவு. போன வாரம் வேறொருவர் படியெடுத்துக்கொண்டு போன நோட்டை இந்த வாரம் நான் அடித்துக்கொண்டு இருந்தேன். அப்போதும் மாடியில் இருப்பவளின் பெயர் என் கண்ணில் படவே இல்லை. அவள் பெயரோடு அளவு எதுவும் இல்லையே. விலாசம்தானே இருந்தது.

பங்குனியில் ஒரு நாள், மத்தியான வெயிலில், அவன் வந்தான்.

அவள் மிஷினில் உட்கார்ந்து பள்ளிச் சீருடைக்கு ஓரம் அடித்துக்கொண்டு இருந்தாள். நான் இஸ்திரி போட்டுக்கொண்டு இருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அவள் புருஷன். ஒரு கையில் போன். அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“இன்னா, மாடின்னு போட்டிருக்குது. நீ கீழ உக்காந்துகினு இருக்குற?”

அவளுக்கு மிஷின் மேலிருந்த கை எழவில்லை. ஊசிக்குக் கீழே துணி தானாக ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கும் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவனே போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான். காட்டுவதில் அவனுக்கு அவ்வளவு பெருமை. அவள் பெயர், அவள் ஊர், இன்னார் மகள், நம்ம கடை மாடி, பஸ் ஸ்டாண்டு பின்னாடி.

நம்ம கடை. இந்த உலகத்தில் இந்தக் கடையை நம்ம கடை என்று எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான்.

எப்படி வந்தது என்பதையும் அவனே சொன்னான். மாமியாரிடம் கிழங்கு மூட்டையோடு போய் நல்லவனாக நடித்திருக்கிறான். “என் போன்ல சார்ஜ் இல்லத்தே, வளைவுல போயி ஒரு போன் பண்ணிட்டு வரேன்” என்று அந்த அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு, மலையில் சிக்னல் கிடைக்கிற சாலை வளைவுக்குப் போயிருக்கிறான். அடிக்கடி வந்திருந்த ஒரே நம்பரைக் குறித்துக்கொண்டான். ஒரு வாரம் அதற்குப் போன் செய்து பார்த்தான். தெரியாத நம்பர் என்று அவள் எடுக்கவே இல்லை. அதுவரைக்கும் அவன் கையில் இருந்தது வெறும் பத்து எண்கள். அதை வைத்துக்கொண்டு அவன் ஒரு மயிரையும் பிடுங்கியிருக்க முடியாது. அப்புறம் எவனோ சொல்லி, அந்த ஆப்பில் நம்பரைப் போட்டுப் பார்த்திருக்கிறான். மிச்சத்தை நான் எழுதி வைத்திருந்தேன்.

“புள்ள எங்க?” என்றான்.

அந்த வார்த்தையில்தான் அவளுக்கு உயிர் வந்தது. பின்கதவு வழியாக ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை, நேரே பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். அவன் பின்னாலேயே பாய்ந்தான். நான் குறுக்கே நின்றேன். கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது, சூட்டோடு இருந்தது. “ஒரு அடி எடுத்து வச்ச, மூஞ்சில வச்சுத் தேச்சுடுவேன்” என்றேன். தேய்த்திருப்பேன். என் சத்தத்துக்கு டீக்கடைக்காரர் வந்தார், ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். அவன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

போகும்போது அவன் கத்தவில்லை. போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, “நீங்க இன்னா பண்ணாலும் எடம் தெரிஞ்சிடுச்சு இல்ல?” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலமே புகார் கொடுத்தோம். எழுதி வாங்கிய பெண் போலீஸ் பொறுமையாகக் கேட்டார். அவனைக் கூப்பிட்டு எச்சரிப்பதாகச் சொன்னார், மறுநாள் எச்சரிக்கவும் செய்தார். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, “இந்தப் பேரு யாரு போன்ல இப்பிடி இருந்ததுங்க?” என்றார். நான் தரையைப் பார்த்தேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டு இருந்தது.

“என் போன்லங்க” என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆப் போட்ட அன்று அவள் கேட்ட கேள்வி இரண்டு பேருக்குமே ஞாபகம் வந்திருக்கும். பிறகு பிள்ளையை மடியில் சரியாகப் படுக்க வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அது எனக்குப் பழக்கம்.

மூன்றாம் நாள் அவள் பையைக் கட்டினாள். யாரோ எங்கேயோ வேலை சொல்லி இருக்கிறார்களாம். எந்த ஊர் என்று கேட்டேன், தூரம் என்றாள்.

“சரி, நம்பர் மாத்திட்டியா?”

“மாத்திட்டேன்.”

“சொல்லு, போட்டுக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே என் கை போனை எடுத்துவிட்டது. எவ்வளவு பட்டும் என் கைக்குப் புத்தி வரவில்லை.

“இல்லக்கா. உனக்குச் சொல்ல மாட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வந்தது வெட்கமில்லை, கோபம்தான். ரூம் கொடுத்தேன், சோறு போட்டேன், இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன், என்னிடமே மறைக்கிறாளா என்று கோபம். “அந்த ஆப்ப அப்பவே அழிச்சிட்டேன். உன் பேரையும் அழிச்சிட்டேன். இன்னும் இன்னா?” என்று கத்தினேன்.

“உன் போன்ல அழிச்சிட்ட. அவன் போன்ல அழிஞ்சுதா?” என்றாள்.

அவள் பிள்ளையின் தலையை வாரிக்கொண்டே சொன்னாள், சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

“நீ வேணும்னு பண்ணலக்கா, எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்கு உன் பின்னாலதானே நின்னுகினு இருந்தேன். எங்கிட்ட இன்னா இருக்குதுன்னு சொன்ன. உங்கிட்ட நான் இருந்தேன். அத அழுத்தறதுக்கு முன்ன என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

பிள்ளை போகும்போது எனக்கு டாட்டா காட்டியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எந்த பஸ்ஸில் ஏறினாள் என்றுகூட நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று உள்ளேயே இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். அந்தப் பெண் போலீஸ்தான் வழி சொன்னார். அந்த ஆப்பிலிருந்து ஒரு பெயர் போக வேண்டும் என்றால், அந்த நம்பருக்குச் சொந்தக்காரர்தான் எடுக்க முடியும். தன் நம்பரைப் போட்டு, வருகிற ஓடிபியைப் போட்டு, என்னை எடுத்துவிடு என்று கேட்க வேண்டும். கொடுக்கும்போது நான் ஒருத்தி போதும். ஒரே தட்டில் அத்தனை பேரையும் மொத்தமாக வாரிக்கொண்டு போனது. திரும்ப எடுப்பதற்கு மட்டும் ஒவ்வொருத்தியும் தனித்தனியாக வரிசையில் நின்று கெஞ்ச வேண்டும். உங்கள் பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியமாம். இதைச் செய்தவன் எந்த நாட்டில் எந்த ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறானோ தெரியாது. அவனை ஒரே ஒரு நாள் என் கடைக்கு அழைத்து வந்து, அந்தக் காது கேட்காத பிள்ளைக்கு எதிரில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கடைக்கு வந்த ஒவ்வொருவரையும் உட்கார வைத்து அவரவர் பெயரை எடுக்க வைத்தேன். செய்த தப்பைச் சொல்லித்தான் உட்கார வைத்தேன். சிலர் சிரித்தார்கள். சிலர் கண்டபடி பேசினார்கள், வாங்கிக்கொண்டேன். டீச்சர் வீட்டுக்கு நானே போனேன். அவர் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நிற்க வைத்தே கேட்டுவிட்டு, அவர் பெயரை அவரே எடுத்துக்கொண்டார். என்னிடம் துணி கொடுப்பதில்லை, கொடுக்கவும் வேண்டாம்.

இப்போது அளவெல்லாம் நோட்டில்தான். போனில் வெறும் எண்கள், 12, 27, 40 என்று. எந்த எண் யார் என்பது நோட்டில் இருக்கிறது. நோட்டு இழுப்பறையில், சாவி என் கழுத்தில். எந்த ஆப் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்றே முதலில் அழுத்துகிறேன். பாதி ஆப்புகள் அதற்குப் பிறகும் நன்றாகத்தான் ஓடுகின்றன. அப்படியானால் முதலில் எதற்குடா கேட்டீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு வாயில் வருகிறது.

அந்த வருஷம் மார்கழியில் அவன் மறுபடியும் வந்தான். அவள் போய் ஒன்பது மாதம் ஆகிவிட்டது. புகார் இருப்பதால் வாசற்படியைத் தாண்டவில்லை. நான் தனியாக இருந்தேன்.

“அவ நம்பரக் குடு” என்றான்.

“எனக்குத் தெரியாது.”

“பொய் சொல்லாத. சோறு போட்டவ நீ. உனக்குத் தெரியாம எங்க போவா?”

சொல்லிக்கொண்டே எட்டி, துணி வெட்டுகிற மேஜையில் இருந்த என் போனை எடுத்தான். பூட்டுப் போட்டிருந்தது. திற என்று நீட்டினான். டீக்கடைக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். இஸ்திரிப் பெட்டியும் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு நான் எதுவும் செய்யவில்லை. திறந்து அவன் கையிலேயே கொடுத்தேன்.

“தேடிக்க” என்றேன்.

அவன் விரலை மேலும் கீழும் தள்ளித் தேடினான். எண்கள், எண்கள், எண்கள். ஒன்றை அழுத்திக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் ஒரு குரல், “அக்கா, ஜாக்கெட் ஆயிடுச்சா? சாயங்காலம் வரட்டுமா?” என்றது. வைத்துவிட்டு இன்னொன்றை அழுத்தினான். அதுவும் ஜாக்கெட்தான். அவள் பெயரை ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தான், தமிழில் தட்டிப் பார்த்தான். எங்கள் மலையில் பாதிப் பேருக்கு இருக்கும் அந்தப் பெயர், என் போனில் ஒன்றுகூட இல்லை.

அன்றைக்கு அவள் புது நம்பரைச் சொல்லியிருந்தால் நான் போட்டு வைத்திருப்பேன். எவ்வளவு பட்டும் எங்காவது ஒரு மூலையில் போட்டு வைத்திருப்பேன், என் கையை எனக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அவன் போனை வெட்டிய துணிமேல் எறிந்தான். என் முகத்தையே பார்த்தான். நான் பொய் சொல்லவில்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

“உங்கிட்டகூடவா சொல்லல?” என்றான்.

“எங்கிட்டதான் சொல்லல” என்றேன்.